புதுப்பிப்பின் முதல் நாளும் நான்காம் ஆண்டும்

திறன்பேசியின் இயங்குதளத்துக்குப் புதிய பதிப்பு வெளியாகும் நாளில் அதை முந்திக்கொண்டு நிறுவிப் பார்ப்பவர்கள் சொல்லும் கருத்துகள் பெரும்பாலும் மூன்று செய்திகளைச் சுற்றியே அமைகின்றன: தோற்றம் எப்படி மாறியிருக்கிறது, போன் வேகம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது. இவற்றுள் முதலாவது பழகப் பழகத் தேய்ந்துபோகும் உணர்வு. மற்ற இரண்டையும் முதல் சில நாள்களில் யாராலும் சரியாக மதிப்பிட முடியாது. புதிய மென்பொருள்களை ஆண்டுக்கணக்காக ஆர்வத்தோடு பின்தொடர்ந்து வருபவன் என்ற முறையில் என் கருத்து இதுதான்: ஒரு பதிப்பின் தரத்தை நிர்ணயிப்பவை பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடக்கும் மாற்றங்கள், அவற்றின் பலனோ பாதிப்போ தெரிவதற்கு வாரங்களும், சில வேளைகளில் ஆண்டுகளும் ஆகின்றன.

தோற்றத்திலிருந்தே தொடங்கலாம். 2013 செப்டம்பரில் வெளியான, ஆப்பிளின் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 7, அதுவரை தோல், மரம், துணி ஆகியவற்றின் சாயலைத் திரையில் வரைந்து காட்டிய பாணியைக் கைவிட்டு, தட்டையான சின்னங்களையும் மெல்லிய எழுத்துகளையும் கொண்டுவந்தது. எழுந்த எதிர்ப்பு கடுமையானது. அந்த எதிர்ப்புக்குள் இரண்டு வேறுபட்ட குரல்கள் கலந்திருந்தன என்பதை அன்று பலர் பிரித்துப் பார்க்கவில்லை. பழைய சின்னங்களின் அழகு போய்விட்டதே என்ற வருத்தம் சில மாதங்களில் அடங்கிவிட்டது. எழுத்துகள் மெலிந்து படிக்கச் சிரமமாக இருக்கின்றன, செயலியைத் திறந்து மூடும்போது திரை பெருகிச் சுருங்குவது தலைசுற்றலை உண்டாக்குகிறது என்ற முறையீடுகள் அப்படி அடங்கவில்லை, அடங்கவும் கூடாது. அடுத்த மாதமே வந்த 7.0.3 பதிப்பில், அசைவைக் குறைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அந்த அசைவூட்டமும் நின்றுவிடும்படி ஆப்பிள் மாற்றியது. 2025 செப்டம்பரில் ஐஓஎஸ் 26 கண்ணாடி போன்ற ஒளிஊடுருவும் தோற்றத்தோடு வெளியானபோது ஏறத்தாழ இதே வரிசையில் நிகழ்ச்சிகள் நடந்தன. பின்னணியில் இருக்கும் படத்தின் நிறங்கள் எழுத்துகளுக்கு அடியில் கசிந்து படிப்பதைக் கெடுக்கின்றன என்று பலர் சொன்னார்கள். நவம்பரில் வந்த 26.1 பதிப்பு, கண்ணாடியின் ஊடுருவலைக் குறைத்துச் சற்று அடர்த்தியாக வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுத்தது. பிடிக்கிறதா என்ற கேள்வியையும் படிக்க முடிகிறதா என்ற கேள்வியையும் பிரித்துக் கேட்பவரின் முதல் நாள் கருத்துக்கு மட்டுமே பிற்காலத்தில் மதிப்பு இருக்கும் என்பதை இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

வேகத்தையும் பேட்டரியையும் பற்றிய முதல் நாள் முடிவுகள் ஏன் நம்பத்தகாதவை என்பதற்குத் தெளிவான தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு செயலிகள் போனுக்கு வந்துசேரும்போது, அந்தப் போனின் சிப் நேரடியாகப் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக முழுமையாக மாற்றப்பட்ட நிலையில் இருப்பதில்லை. அந்த மாற்றத்தின் பெரும்பகுதி போனுக்குள்ளேயே நடக்கிறது. 2014இல் வெளியான ஆண்ட்ராய்டு 5, பழைய டால்விக் முறையை நீக்கிவிட்டு ஏஆர்டி என்ற முறையைக் கொண்டுவந்தபோது, செயலியை நிறுவும் நேரத்திலேயே இந்த மொழிமாற்றம் முழுவதும் செய்யப்பட்டது. அதனால் ஒவ்வொரு இயங்குதளப் புதுப்பிப்புக்குப் பிறகும் எல்லாச் செயலிகளையும் மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. எத்தனையாவது செயலி தயாராகிறது என்று எண்ணிக் காட்டியபடி நெடுநேரம் நின்ற அந்தத் திரையைப் பழைய பயனர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 இந்தக் காத்திருப்பை ஒழித்தது. அதன் பிறகு, செயலி முதலில் அரைகுறைத் தயாரிப்போடு ஓடத் தொடங்குகிறது. பயனர் எந்தப் பகுதிகளை அதிகம் பயன்படுத்துகிறார் என்பதை இயங்குதளம் கவனித்து வைத்துக்கொண்டு, போன் சும்மா இருந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் வேளைகளில் அந்தப் பகுதிகளை மட்டும் முழுமையாக மாற்றி வைக்கிறது. இயங்குதளம் மாறியதும் முன்பு சேர்த்துவைத்த இந்தத் தயாரிப்பின் பெரும்பகுதி செல்லாததாகிவிடுவதால், புதிய பதிப்பின் முதல் நாள்களில் செயலிகள் இயல்பைவிட மெதுவாகவும் அதிக மின்சாரத்தைச் செலவழித்தும் ஓடுவது எதிர்பார்க்க வேண்டியதே.

ஐபோனில் காரணங்கள் வேறு, விளைவு ஒன்றுதான். புதிய பதிப்பை ஏற்றியதும் தேடலுக்கான அட்டவணை புதிதாகத் தயாரிக்கப்படுகிறது. படத்தொகுப்பில் இருக்கும் படங்கள் புதிய முறையில் மறுபடி ஆராயப்படுகின்றன. செயலிகள் வரிசையாகத் தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு சில காலம் போன் சூடாவதும் பேட்டரி விரைவில் குறைவதும் தற்காலிகமானவை என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது. ஆகவே, நிறுவிய அன்று மாலையே வெளியிடப்படும் பேட்டரி அளவீடுகளை நான் பொருட்படுத்துவதில்லை. ஒரு வாரம் கழித்து, அதே செயலிகளோடு, அதே பயன்பாட்டில் எடுத்த அளவீட்டுக்குத்தான் பொருள் உண்டு.

இதை வைத்துக்கொண்டு, புதுப்பிப்பு போனை மெதுவாக்குகிறது என்ற புகாரெல்லாம் கற்பனை என்று தள்ளிவிடவும் கூடாது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 பதிப்பில் ஆப்பிள் ஒரு மாற்றத்தைச் சேர்த்தது. லித்தியம் அயனி பேட்டரி பழசாகும்போது அதன் உட்தடை கூடுகிறது. சிப் திடீரென அதிக மின்னோட்டத்தைக் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து, சார்ஜ் மிச்சமிருக்கும்போதே போன் அணைந்துவிடுகிறது. இதைத் தவிர்ப்பதற்காக, பேட்டரி தளர்ந்த போன்களில் சிப்பின் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். வேகம் குறைக்கப்படுகிறது என்பதைப் பயனருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் மென்பொருளின் தரவுகள் இந்தக் குறைப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. உத்தரவாதக் காலம் முடிந்த போன்களுக்குப் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3 பதிப்பில் பேட்டரியின் நிலையைக் காட்டும் வசதியையும், வேகக் கட்டுப்பாட்டை நீக்கிக்கொள்ளும் தேர்வையும் சேர்த்தது. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம், போன்களின் செயல்திறனைப் பாதித்த புதுப்பிப்புகளுக்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. போன் நடுவழியில் அணைவதைவிட மெதுவாக ஓடுவது மேல் என்ற பொறியியல் முடிவு நியாயமானதே. உரிமையாளருக்குச் சொல்லாமல் அதைச் செய்ததுதான் குற்றம். பேட்டரியை மாற்றினால் தீரும் சிக்கலுக்குப் புதிய போனையே வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணும்போது அந்தக் குற்றத்தின் அளவு புரியும்.

இனி, முதல் நாள் பேச்சில் இடம்பெறாத மாற்றங்களுக்கு வருவோம். கடந்த பத்தாண்டுகளில் திறன்பேசி மென்பொருளில் நிகழ்ந்த மிகப் பெரிய முன்னேற்றம் எது என்று என்னைக் கேட்டால், செயலிகளின் அனுமதிகள் நெறிப்படுத்தப்பட்டதைத்தான் சொல்வேன். 2015 வரை ஆண்ட்ராய்டில் ஒரு செயலி கேட்கும் அனுமதிகள் அனைத்தையும் நிறுவும்போதே மொத்தமாக ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் செயலியையே விட்டுவிட வேண்டும். வெளிச்சம் தருவதைத் தவிர வேறு வேலையில்லாத டார்ச் செயலிகள்கூட இருப்பிடத் தகவலைக் கேட்டன. அப்படிப்பட்ட ஒரு பிரபலச் செயலி, பயனர்களின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியதாக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2013 டிசம்பரில் நடவடிக்கை எடுத்தது. ஆண்ட்ராய்டு 6 இந்த நிலையை மாற்றி, தேவைப்படும் நேரத்தில் ஒவ்வொரு அனுமதியையும் தனித்தனியாகக் கேட்க வைத்தது. 2019இல் ஆண்ட்ராய்டு 10, செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடத்தை அறியலாம் என்ற தேர்வைத் தந்தது. அடுத்த ஆண்டில் ஒருமுறைக்கு மட்டுமான அனுமதியும், நெடுநாள் திறக்கப்படாத செயலியின் அனுமதிகளைத் தானாகவே திரும்பப் பெறும் ஏற்பாடும் வந்தன. 2021இல், கேமராவோ மைக்கோ இயங்கும்போது திரையின் மூலையில் பச்சை அடையாளம் தெரியத் தொடங்கியது. துல்லியமான இருப்பிடத்துக்குப் பதிலாகத் தோராயமான இருப்பிடத்தை மட்டும் கொடுக்கவும் வழி பிறந்தது. 2022இல் ஆண்ட்ராய்டு 13, அறிவிப்புகளை அனுப்புவதற்கே செயலிகள் அனுமதி கேட்க வேண்டும் என்றாக்கியது.

இந்த ஏற்பாடுகளில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு செயலி எந்த ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிவைத்து எழுதப்பட்டது என்று தன்னைப் பற்றி அறிவித்துக்கொள்கிறதோ, புதிய கட்டுப்பாடுகளில் பல அதைப் பொறுத்தே அதன் மீது பாய்கின்றன. பழைய செயலிகள் உடைந்துபோகாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் வேண்டுமென்றே பழைய பதிப்பைக் குறிப்பிட்டுவிட்டுக் கட்டுப்பாட்டிலிருந்து நழுவும் வழியாகவும் அது ஆனது. 2018 முதல் கூகுள் பிளே தன் கடையில் சேர்க்கப்படும் செயலிகள் அண்மைப் பதிப்பைக் குறிவைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதும், ஆண்ட்ராய்டு 6க்கு முந்தைய பதிப்புகளைக் குறிவைக்கும் செயலிகளை நிறுவவே விடாமல் 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14 தடுத்ததும் இந்த ஓட்டையை அடைப்பதற்காகத்தான். புதிய இயங்குதளத்தை ஏற்றியவுடன் எனக்குப் பிடித்த பழைய செயலி ஓடவில்லையே என்று வருந்துபவர்கள், அந்தச் செயலியைப் பராமரிப்பவர் கைவிட்டு எத்தனை காலமாகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஐபோன் பக்கத்தில் இதே கதைக்கு இன்னும் கூர்மையான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2020 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 14 பெரும் வரவேற்பைப் பெற்றதற்குக் காரணம், செயலியைத் திறக்காமலே தகவலைக் காட்டும் சிறு கட்டங்களான விட்ஜெட்டுகளை முகப்புத்திரையில் வைக்க முடிந்ததுதான். திரையைத் தம் விருப்பப்படி அலங்கரித்துப் படம் பிடித்துப் பகிர்ந்துகொள்வதே சில வாரங்களுக்கு ஒரு மோகமாக இருந்தது. அதே பதிப்பு, ஒரு செயலி வேறொரு செயலியில் நகலெடுக்கப்பட்டதை எடுத்துப் படிக்கும்போதெல்லாம் அதைத் திரையில் அறிவித்தது. தேவையே இல்லாமல் நகல் பலகையைத் துழாவிக்கொண்டிருந்த பல புகழ்பெற்ற செயலிகள் அதனால் வெளிப்பட்டு, அவசரமாகத் திருத்திக்கொண்டன. 2021 ஏப்ரலில் வந்த 14.5 பதிப்போ, பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர்வதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு கேள்விப் பெட்டியைச் சேர்த்தது. அந்தப் பெட்டி தன் 2022ஆம் ஆண்டு வருவாயில் சுமார் 1000 கோடி டாலர் இழப்பை ஏற்படுத்தும் என்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் கூறியது. விட்ஜெட்டுகளோடு ஒப்பிட்டால் அந்தச் சிறு பெட்டியில் காட்டவோ ரசிக்கவோ ஒன்றும் இல்லை. ஆனால் இணைய விளம்பரத் தொழிலின் கணக்குகளையே அது மாற்றி எழுதியது.

புதிய பதிப்பு ஒருவருக்கு இன்றும் மற்றொருவருக்கு அரையாண்டு கழித்தும் ஏன் வருகிறது என்பது, ஆண்ட்ராய்டு பயனர்களிடம் தீராமல் இருக்கும் ஆதங்கம். ஐபோனின் சிப், போன், இயங்குதளம் மூன்றையும் ஒரே நிறுவனம் வடிவமைக்கிறது. அதனால் தகுதியுள்ள போன்களுக்கெல்லாம் ஒரே நாளில் புதுப்பிப்பு வெளியாகிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் மூலநிரலை வெளியிட்ட பிறகு, சிப் தயாரிப்பாளர் தன் சிப்புக்கான இயக்க நிரல்களைப் பொருத்த வேண்டும். பிறகு போன் தயாரிப்பாளர் தன் தோற்றத்தையும் வசதிகளையும் அதன் மீது ஏற்ற வேண்டும். சில சந்தைகளில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சோதனையும் முடிய வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் புதுப்பிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. இதன் ஆபத்து 2015 ஜூலையில் எல்லோருக்கும் உறைத்தது. ஸ்டேஜ்ஃபிரைட் என்று பெயர் பெற்ற பாதுகாப்பு ஓட்டை, தீங்கான காணொளி இணைந்த ஒரு குறுஞ்செய்தியை அனுப்புவதன் மூலமே போனைக் கைப்பற்ற வழிவிட்டது. ஏறத்தாழ 95 கோடி போன்களில் அது இருப்பதாகக் கண்டுபிடித்தவர்கள் மதிப்பிட்டார்கள். கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

தொடர்ந்து கூகுள் செய்தவை, என் பார்வையில், எந்தப் புதிய தோற்றத்தையும்விடப் பாராட்டுக்குரியவை. 2017இல் ஆண்ட்ராய்டு 8 கொண்டுவந்த டிரெபிள் திட்டம், சிப் சார்ந்த நிரல்களையும் இயங்குதளத்தையும் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்தது. கீழடுக்கைத் தொடாமலே மேலடுக்கைப் புதுப்பிக்க வழி ஏற்பட்டது. 2019இல் வந்த மெயின்லைன் திட்டம், இயங்குதளத்தின் சில உள்ளுறுப்புகளைச் செயலிகளைப் போலவே பிளே வழியாக நேரடியாகப் புதுப்பிக்க வைத்தது. ஊடகக் கோப்புகளைக் கையாளும் பகுதி அவற்றில் ஒன்று. 2020 மே மாதத்தில் கொரோனா தொற்றுத் தொடர்பை அறிவிக்கும் வசதியை ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து வெளியிட்டபோது, இந்த அணுகுமுறையின் பலன் வெளிப்பட்டது. ஐபோனில் அதற்கு ஐஓஎஸ் 13.5 பதிப்பை நிறுவ வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டிலோ, பின்னணியில் ஓடித் தானாகவே புதுப்பிக்கப்படும் கூகுளின் பிளே சேவைகள் வழியாக, ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஆண்ட்ராய்டு 6 ஓடிய போன்களையும் அது எட்டியது. ஆகவே பதிப்பு எண்ணை மட்டும் வைத்து ஒரு ஆண்ட்ராய்டு போனின் புதுமையை அளப்பது அரைகுறைக் கணக்கு. பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியும், பிளே வழி வரும் இயங்குதள உள்ளுறுப்புகளின் புதுப்பிப்புத் தேதியும் அமைப்புகளில் தனித்தனியே காட்டப்படுகின்றன. பார்க்க வேண்டியவை அவை.

செயலிகளின் புதுப்பிப்பும் இப்போது ஒரே நாளில் எல்லோருக்கும் வருவதில்லை. ஆப்பிளின் கடையில், தயாரிப்பாளர் விரும்பினால் புதிய பதிப்பை ஏழு நாள்களில் படிப்படியாக வெளியிடலாம்: தானியங்கிப் புதுப்பிப்பை வைத்திருப்பவர்களில் முதல் நாள் 1 சதவீதம், பிறகு 2, 5, 10, 20, 50 என்று உயர்ந்து ஏழாம் நாள் எல்லோரையும் எட்டும். இதற்கு மேல், ஒரே பதிப்பை நிறுவியிருக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் ஒரு வசதியைத் திறந்துவிடும் பொத்தான் நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கிறது. நண்பருக்கு வந்த வசதி தமக்கு வரவில்லை என்று செயலியை நீக்கி மறுபடி நிறுவிப் பார்ப்பவர்களின் உழைப்பு பெரும்பாலும் வீண்தான்.

ஆயுள் குறித்த வாக்குறுதிகளுக்கு வருவோம். 2013இல் வெளியான ஐபோன் 5எஸ், 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைப் பெற்றது. ஆண்ட்ராய்டு உலகில் நெடுங்காலம் இதற்கு இணையே இல்லை. 2023 அக்டோபரில் பிக்சல் 8 வரிசைக்குக் கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு மாதிரியின் கடைசிப் போன் சந்தைக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகள் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்கின்றன. ஐந்தைவிட ஏழு பெரிதாகத் தோன்றலாம். ஆனால் நிறுவனங்களின் ஏழு ஆண்டுகள் போன் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. இரண்டு ஆண்டுகள் கழித்து விலை குறைந்தபோது வாங்குபவருக்கு மிஞ்சுவது ஐந்துதான். விற்பனை முடிந்த நாளிலிருந்து எண்ணும் ஐரோப்பிய முறைதான் தாமதமாக வாங்குபவரையும் காக்கிறது. எண்ணிக்கையைவிட எண்ணத் தொடங்கும் நாள் முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

செயற்கை நுண்ணறிவு வசதிகள் இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்கியிருக்கின்றன. முன்பெல்லாம் ஒரு பதிப்பு ஒரு போனுக்கு வந்தால் அதன் முக்கிய வசதிகளும் பெரும்பாலும் கூடவே வந்தன. 2024 அக்டோபரில் ஐஓஎஸ் 18.1 வழியாக வெளியான, ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு வசதித் தொகுப்பு, ஓராண்டுக்குச் சற்று முன்பு வெளியான ஐபோன் 15க்கும் கிடைக்கவில்லை. 15 புரோ வரிசையிலிருந்துதான் கிடைத்தது. மொழி மாதிரியைப் போனிலேயே ஓட்டுவதற்கு அதிக நினைவகம் தேவை என்பது இதற்கான முக்கியக் காரணம். அறிவிப்புகளைச் சுருக்கித் தரும் அதன் வசதி, செய்தி நிறுவனங்கள் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டியதால், செய்திச் செயலிகளுக்கு அதை 2025 ஜனவரியில் நிறுத்திவைத்தார்கள். ஆப்பிளின் 2024 ஜூன் மாநாட்டில் காட்டப்பட்ட, பயனரின் சொந்தத் தகவல்களைப் புரிந்துகொண்டு செயல்படும் சிரி என்ற குரல் உதவியாளர் தாமதமாகும் என்று 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. மேடையில் காட்டப்பட்டது எது, வெளியான மென்பொருளில் இருப்பது எது என்பதைத் தேதியோடு குறித்துவைத்துக்கொள்ளும் பழக்கம் ஆர்வலர்களுக்கு இப்போது முன்னைவிட அவசியமாகியிருக்கிறது.

இவற்றில் பல வசதிகள் போனுக்குள் ஓடுவதில்லை, நிறுவனத்தின் சேவையகங்களில்தான் ஓடுகின்றன. சேவையகத்தை நடத்த நாள்தோறும் செலவாகும். ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு வாக்குறுதியோடு கேலக்ஸி எஸ்24 அறிமுகமானபோது, அதன் முதன்மை விளம்பரமாக இருந்த கேலக்ஸி ஏஐ வசதிகள் 2025 இறுதிவரை கட்டணமின்றிக் கிடைக்கும் என்று சாம்சங் அடிக்குறிப்பில் எழுதியிருந்தது. ஒரே போனுக்கான ஒரே விளம்பரத்தில் இயங்குதளத்துக்கு ஏழு ஆண்டுகளும், அந்தப் போனை வாங்கச் சொன்ன காரணத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவான காலமும் குறிக்கப்பட்டிருந்தன. எனவே புதிய பதிப்பொன்றில் ஒரு வசதியைக் கண்டு வியக்கும்போது, அது போனை விமானப் பயன்முறையில் வைத்தாலும் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது பயனுள்ள பழக்கம். நாம் வாங்கிய போனுக்குள் இருப்பது எது, நிறுவனம் விரும்பும்வரை மட்டும் கிடைக்கக்கூடியது எது என்பது அதில் பெருமளவு தெரிந்துவிடும்.